பின்சீட்டில் ஒரு மணல் மூட்டை

வண்டி பார்க்க அவர் தனியாக வந்ததில்லை. கூடவே ஒரு மணல் மூட்டையும் வரும்.

பழைய சிமெண்டு சாக்கு அது. வாயை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார். அவர்கள் வீட்டு டிப்பர் லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அந்த எலக்ட்ரிக் சைக்கிள் கடை வாசலில் வந்து நிற்கும். முதலில் அவர் இறங்குவார். பிறகு கேபினுக்குள் கையை நீட்டி, பெரிய குழந்தையை அக்குளில் கைகொடுத்து இறக்குவதைப் போல மூட்டையை இறக்குவார். சாக்குக்கு அக்குள் ஏது? ஆனால் அவர் தூக்கினால் இருப்பதாகத்தான் தோன்றும். தரையில் வைத்ததும் உள்ளே மணல் சரிந்து அடங்கும். களைத்துப்போன ஒருவர் உட்கார்ந்து மூச்சு விடுகிற சத்தம். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அரிசி மூட்டை வந்து இறங்கினால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

நான் அந்தக் கடைக்குப் போனது என் மகளுக்காக. நாங்கள் இருப்பது திருக்கழுக்குன்றம். மகள் கல்லூரியில் தாவரவியல் கடைசி ஆண்டு. உப்பங்கழியோரச் செடிகளைப் பற்றி ஏதோ ஆய்வு செய்ய வேண்டும் என்றாள். தார்ச்சாலை, ஏரிக்கரை, சவுக்குத் தோப்பின் மணல், கால்வாயோரச் சேறு என்று எல்லாவற்றிலும் போகிற மாதிரி தடித்த டயர் போட்ட எலக்ட்ரிக் சைக்கிள்தான் வேண்டுமாம். எனக்கு அவள் மாடிப்படியில் வேகமாக இறங்கினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். சேற்றில் வண்டி ஓட்டுவதை எப்படி நினைத்துப் பார்ப்பது?

முதல் நாளே கடை விற்பனையாளருக்கும் மூட்டையோடு வந்த அந்த அம்மாவுக்கும் சண்டை.

"அக்கா, டெஸ்ட் ரைடுக்கு மூட்டை எல்லாம் ஏத்தக்கூடாது," என்றார் விற்பனையாளர்.

"ஏன், உன் வண்டிக்குக் கூச்சமா கீதா?"

"கீழ விழுந்துட்டா?"

"விழட்டும். இன்னிக்கி மூட்டதான விழும். தா பாருப்பா, வெறும் வண்டி எல்லாமே நல்லாத்தான் ஓடும். ஆள ஏத்தினாத்தான் அதோட புத்தி தெரியும்."

அவர் பேச்சு எதுவும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"யாருக்குங்க வண்டி?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

மூட்டையின் தலையில் தட்டினார். "இவனுக்கு. எம் புள்ள."

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் ஓடியாடித் திரிந்தவன். தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் நோய். இப்போது வளர்ந்த ஆள், ஆனால் சாய்மானம் வைத்துக் கட்டினால்தான் உட்கார முடியும். கொஞ்ச நாளில் அதுவும் முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு ஒரே ஆசை, கடலில் கால் நனைய வேண்டும். சக்கர நாற்காலி மணலில் புதைந்துவிடுகிறது. ஆட்களை வைத்துத் தூக்கிப் போகலாம் என்றால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"'நாலு பேரு தூக்கினு போறது கடைசிலதாம்மா, இப்ப வாணாம்'ன்றான். அவன் சொல்றதும் மெய்தான? வண்டில குந்திகினு போவணுமாம், மத்த பசங்க மாறி."

மகன் எத்தனை எடை இருந்தானோ அத்தனை எடைக்கு மணல் கட்டி எடுத்து வந்திருந்தார். மணலுக்கு அவர்கள் வீட்டில் பஞ்சமில்லை, பிழைப்பே அதுதான். கணவர் லாரிகளோடு ரோட்டிலேயே இருப்பவர். வீடு, மகன், முற்றத்தில் கொட்டிக் கிடக்கும் ஜல்லி எல்லாம் இவர் பொறுப்பு.

என்னை அவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இருந்துட்டுப் போங்க டீச்சர்," என்றார்.

அவர் வண்டி பார்த்த விதத்தைப் போல் யாரும் பார்த்து நான் கண்டதில்லை. மூட்டையைப் பின்னால் வைத்துக் கட்டுவார். கடைக்குப் பின்புறம் சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு ஒரு மணல் தடம் உண்டு. அதில் ஓட்டிப் போவார். டயரில் காற்று விறைப்பாக இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். "மணல்ல லாரி எறங்கினா நாங்க காத்த எறக்குவோம், இதுக்கு மட்டும் இன்னா பெரும?" என்று காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுவார். திரும்பி வந்ததும் வண்டியைப் பார்க்க மாட்டார். மூட்டையைத்தான் பார்ப்பார். எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, எவ்வளவு சரிந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்ப்பார்.

ஒரு வண்டி, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் எகிறியது. "தம்பிக்குக் கழுத்து நிக்காது, இது வாணாம்." இன்னொன்று ஏற்றத்தில் நன்றாகப் போனது. ஆனால் பிரேக் பிடித்தபோது மூட்டை அவர் முதுகில் வந்து மோதியது. மூன்றாவதை விற்பனையாளர் ஆசையோடு தள்ளிக்கொண்டு வந்தார். மோட்டார் பெரியது, மலைகூட ஏறும் என்றார்.

"இந்தப் பக்கத்துல ஏறுறதுக்கு இன்னா கீது, திருக்கழுக்குன்றத்து மலதான் கீது. அதுக்கும் படி கட்டிட்டான். எனக்கு ஓடுற வண்டி வாணாம்பா. நிக்கத் தெரிஞ்ச வண்டி காட்டு."

என் மகளுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. இருவரும் சேர்ந்து மூட்டையை ஏற்றுவார்கள், கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள். நான் மர நிழலில் நின்று, விழுந்துவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் மகளிடம், "இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு முடிவு பண்ணலாம்," என்பேன். ஒருநாள் அவர் சட்டென்று திரும்பிச் சொன்னார்: "டீச்சர், நீங்க வண்டி பாக்க வர்ல. வாங்காம இருக்கக் காரணம் பாக்க வரீங்க."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றும் நான் வண்டி வாங்காமல்தான் திரும்பினேன்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மகனைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேலைக்குக் கேட்டு வந்திருந்தார். திடகாத்திரமான மனிதர். அக்கா மூட்டையை அந்த ஆளிடம் கொடுத்து மாடி ஏறி இறங்கச் சொன்னார். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கினார்.

"தூக்கிகினே எங்கிட்ட பேசு," என்றார் இவர்.

"என்னம்மா பேசறது?"

"எதனா. உங்க ஊர்ல மழ பேஞ்சிச்சா, காலைல இன்னா நாஸ்தா துன்ன, எதனா."

அந்த மனிதரால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. "தூக்குறது யாரு வேணா தூக்குவான். பேசிகினே தூக்குறவன்தான் கீழ போட மாட்டான். மூச்சு முட்டினு தூக்குறவனுக்கு எப்படா எறக்கி வெப்பம்னுதான் புத்தி இருக்கும்," என்றார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த மகன் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, "எங்கம்மா… கடவுள் வந்தாலும்… மூட்டையக் குடுத்து… மாடி ஏறச் சொல்லும்," என்றான். அவன் கேலி செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் கண் மட்டும்தான் பெரிதாக இருந்தது, அம்மாவின் கண்.

சொந்தக்காரர் கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு முன்கூட்டியே போய், மகன் உட்காரப்போகிற பிளாஸ்டிக் நாற்காலியில் தானே ஏறி நின்று குதித்துப் பார்ப்பாராம். நாற்காலி உடைந்து விழுந்ததும் உண்டாம். "நான் உழுந்தா இன்னா, எழுந்துப்பேன்."

அடுத்த முறை கடையில் பார்த்தபோது ஏதோ வித்தியாசமாகப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. சாக்கின் வாய்க்கட்டு முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது.

"மூட்டை சின்னதா இருக்கே, அக்கா?"

கயிற்றை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "தம்பி எளச்சிட்டான். ரெண்டு படி மண்ண அள்ளிக் கொட்டிட்டேன்."

அவர் தாமதிப்பதால் மூட்டை இளைக்கிறது. மூட்டை இளைப்பதால் மறுபடி முதலிலிருந்து சோதிக்கிறார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. எந்த வண்டியாவது வாங்கித் தொலையுங்கள், அவன் உட்கார்ந்திருக்கும்போதே போய்விடுங்கள் என்று. ஆனால் காரணம் தேடுகிறவள் என்று பெயர் வாங்கிய நான் எந்த வாயால் சொல்வது?

கடைசியில் அவர் எடுத்தது, கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வண்டி. சாம்பல் நிறம். தாழ்ந்த உடம்பு, நீண்ட கேரியர், அகலமான டயர். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் நடக்கிற வேகத்தில் தானாக ஊர்ந்து வரும். கருங்குழியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து, பின்னால் முதுகுச் சாய்மானமும் கைப்பிடியும் கால் வைக்கிற தட்டும் வைத்த ஒரு நாற்காலியைப் பற்றவைத்து வாங்கி வந்தார். பெல்ட் அறுக்கும் என்று பழைய வேட்டியை மடித்துக் கட்டினார். தார்பாய்க்குப் போடுகிற முடிச்சு. ஓர் இழுப்பில் அவிழும். அதையும் மூட்டையை வைத்து எத்தனையோ தடவை இழுத்துப் பார்த்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் திருவிடந்தைக்குப் பக்கத்தில் கடற்கரைக்குப் போனோம். அவர், மகன், என் மகள், நான். வண்டியையும் மகனையும் டிப்பரிலேயே கொண்டுவந்து, லாரி டிரைவரும் அவருமாகத் தோப்போரம் இறக்கினார்கள். மகனைப் பின்னால் உட்கார வைத்துக் கட்டியதும், அவர் ஏறி உட்கார்ந்து மெல்ல ஓட்டினார். சவுக்கு வேர்களின்மேல் ஏறியது, பொடி மணலில் இறங்கியது. டயர் புதையவே இல்லை. என் மகள் பக்கத்தில் ஓடினாள். துண்டும் ஃபிளாஸ்குமாக நான் பின்னால்.

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் குரல் கொடுத்தார். "யக்கா, தண்ணில ஓட்ட லைசென்ஸ் கீதா?"

"உன் போட்டுக்கு கீதா, மொதல்ல அத்தச் சொல்லு!"

ஈர மணலில், மகனின் கால்கள் கடல் பக்கம் வருகிற மாதிரி திருப்பி நிறுத்தினார். முதல் அலை நுரையாக வந்து அவன் பாதங்களை மூடிவிட்டுப் போனது. அவன் சிரித்தான். அத்தனை மெல்லிய உடம்பிலிருந்து அத்தனை பெரிய சிரிப்பு வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த அலை வருவதைப் பார்த்ததும் அவன் தன்னிடம் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அதை நோக்கிச் சாய்ந்தான்.

மூட்டை ஒருநாளும் சாய்ந்ததில்லை.

பின்வாங்கிய தண்ணீர் அந்தப் பக்கத்து மணலையும் அரித்துக்கொண்டு போனது. வண்டி கடல் பக்கமாக, மெதுவாக, அவர் இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போதே, கவிழ்ந்தது. அவன் அதோடு கட்டப்பட்டிருந்தான். மேலே இன்னோர் அலை வந்தது. அவர் முடிச்சை இழுத்தார். நனைந்த வேட்டி இறுகிப்போய் அவிழவில்லை. தண்ணீருக்கடியில் அவன் தலைமுடி அசைவது எனக்குத் தெரிந்தது. என் மகள் பாய்ந்து அவன் தலையை உயர்த்தினாள். மீனவர் ஓடி வந்தார். நாங்கள் எல்லோருமாக வண்டியோடு சேர்த்து அவனைத் தூக்கி நிறுத்தினோம்.

இருமினான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்தது. கரைக்கு இழுத்து, மீனவரின் கத்தியால் துணியை அறுத்து, குப்புறச் சாய்த்து முதுகைத் தட்டினோம். நான், "போதும், போதும், வீட்டுக்குப் போகலாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

இருமல் நின்றதும் அவன் சொன்னான்: "இன்னொரு தபா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். யாரிடமும் யோசனை கேட்காத மனுஷி. "இன்னா செய்யட்டும்?" என்று கேட்டார்.

"வேண்டாம் அக்கா," என்றேன்.

"போலாம் ஆன்ட்டி," என்றாள் என் மகள். "கட்ட வேணாம். நான் பின்னாடி உக்காந்து பிடிச்சுக்கிறேன்."

அவர் என்னை இன்னொரு முறை பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளினார்.

இரண்டாவது முறை அவர் ஏறவில்லை. நடக்கிற வேகத்தில் ஊரவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். மீனவர் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் என் மகள் உட்கார்ந்து, அவனைத் தன்மேல் சாய்த்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். அலை அவர்கள் மடிவரை வந்து போனது. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தார்கள். நான் கரையில் உட்கார்ந்து, இருக்கிற சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவ்வப்போது அவன் இருமினான். சிரிப்பும் இருமலும் கலந்து வந்ததால் எது எதுவென்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் லாரிக்குள் மகன் தூங்கிவிட்டான். கொஞ்ச தூரம் போன பிறகு அவர் சொன்னார். "மூட்டைக்கு ஆச இல்ல, டீச்சர். அத்த மறந்துட்டேன்."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவனுக்குச் சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருமிச் சளியை வெளியேற்றக்கூட அவன் நெஞ்சில் பலமில்லை. தீபாவளிக்கு அவன் இல்லை.

அன்றிலிருந்து என் மகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தனக்கு வண்டி வேண்டாம் என்றாள். நான் எத்தனை நாள் எதிர்பார்த்த சொல் அது! காதில் விழுந்தபோது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லத் தோன்றியது. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டாள்: "அம்மா, கடல் தண்ணி நெஞ்சுக்குள்ள போனா எத்தனை நாள்ல காய்ச்சல் வரும்?" எனக்குத் தெரியாது என்றேன். அவளிடம் கைபேசி இருக்கிறது. தேடிப் பார்த்திருக்க மாட்டாளா?

காரியத்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்து பந்தல்காரர்கள் தகரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் அவரைத் தேடிப் போனேன். கேட்காமல் என்னால் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று தோன்றியது. என் பெண் எப்படி உறங்குகிறாள் என்று எனக்குத்தான் தெரியும்.

"அக்கா, டாக்டர் என்ன சொன்னார்? அன்னைக்குத் தண்ணி உள்ள போனதாலயா… இல்ல, மழைக்கு வந்த சளியா?"

அவர் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"கடல்ல உழுந்தத நான் சேக்கும்போதே சொல்ட்டேன். அப்பால, எல்லாம் முடிஞ்சப்ப அந்த டாக்டர் கேட்டாரு. 'நெஞ்ச எடுத்த எக்ஸ்ரே படத்தெல்லாம் பெரிய டாக்டருக்கு அனுப்பி, எதனால வந்திச்சினு கேட்டுச் சொல்லட்டுமாம்மா'ன்னு. வாணாம்னுட்டேன்."

"ஏன் அக்கா? நீங்க எதையும் பார்க்காம விடமாட்டீங்களே."

தண்ணீரை ஊற்றிவிட்டு அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். கதவு வழியாக வெளியே பார்த்தார். முற்றத்தில் என் மகள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டா எதனா ஒண்ணு சொல்லிடுவாரு. மழன்னு சொன்னா செரி. கடலுன்னு சொல்ட்டா? எம் புள்ள போய்ட்டான், டீச்சர். உங்க புள்ள கீது."

நான் அவர் கையைப் பிடித்தேன். ஈரமாக, மணல்போலச் சொரசொரப்பாக இருந்தது. ரொம்ப நேரம் பிடிக்க விடவில்லை. "போங்க, மழ வர்றதுக்குள்ள கௌம்புங்க," என்றார்.

அதன் பிறகு அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. லாரிகளை விற்றுவிட்டுக் கணவரோடு எங்கோ போய்விட்டதாகக் கேள்வி.

காரியத்தன்று திரும்பும் பேருந்தில் கூட்டமில்லை. என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழைக்கு ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி மூடியிருந்தார்கள். ஊர் நெருங்கும்போது கேட்டாள்.

"ஆன்ட்டிகிட்ட உள்ள போய்ப் பேசினீங்களே. என்ன சொன்னாங்க?"

"மழைதான் காரணம்னு டாக்டர் சொல்லிட்டாராம்," என்றேன்.

"நிச்சயமாவா?"

"படத்தையெல்லாம் பார்த்துட்டு, பெரிய டாக்டரே சொன்னாராம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது எழுப்ப மனம் வரவில்லை. பேருந்து எங்கள் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.